பக்கம் திருப்பினால் திரை ஏன் கறுத்து மின்னுகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "படிப்பதற்கென்றே பட்ஜெட்டில் ஒரு கருவி வாங்க வேண்டும். சாதா டேப்லெட்டா, இ-ரீடரா? நண்பருடைய இ-ரீடரில் பக்கம் திருப்பும்போது திரை முழுக்கக் கறுத்து மின்னுகிறதே, அது பழுதா? அப்புறம், இதையெல்லாம் ரூட் செய்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?"

பழுதில்லை. அந்த மின்னலுக்குள் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. அதற்கு வருவதற்குள் டேப்லெட்டை முடித்துவிடுவோம்.

எல்சிடி திரை பழகிய கதைதான்: பின்னால் விளக்கு, நடுவில் திரவப் படிக அடுக்கு, முன்னால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். விளக்கின் ஒளியில் பெரும்பகுதி உள்ளேயே வீணாகி, மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. வீட்டுக்குள் அது போதும். மெரினாவில் மதிய வெயிலில் உட்கார்ந்து படிக்கப் போதாது. மலிவு டேப்லெட் வாங்கப் போனால் கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் இல்லை, வைத்துவிட்டு வந்துவிடலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து போன் கேமராவில் காட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால், வெளிச்சத்தைக் குறைப்பதற்காக விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறார்கள் என்று அர்த்தம். சிலருக்கு அது தலைவலி தரும்.

அடுத்தது பிக்சல் அடர்த்தி. 10.1 அங்குலத் திரையில் 1280 × 800 என்றால் அங்குலத்துக்கு 149 பிக்சல்தான். அதே எண்ணிக்கை 8 அங்குலத்தில் அடங்கினால் 189. எவ்வளவு இருந்தால் போதும்? நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. புத்தகத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் அது 0.087 மில்லிமீட்டர். அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 290 வரும். இ-ரீடர்கள் 300-ல் வந்து நின்றதற்குக் காரணம் விளம்பரம் மட்டும் இல்லை.

தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு 'ண' எழுத்துக்கு 167 அடர்த்தியுள்ள பழைய அடிப்படை கிண்டிலில் பதிமூன்று பிக்சல் உயரம் கிடைக்கும். 300 அடர்த்தியில் ஏறக்குறைய இருபத்து நான்கு. பதிமூன்றுக்குள் அத்தனை சுழிகளையும் அடைக்கும்போது உள் இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. 'ண' எது, 'ன' எது என்று கண் பார்ப்பதை விட்டுவிட்டு ஊகிக்க ஆரம்பித்துவிடும். ஆங்கிலத்துக்கு 167 சமாளிக்கும். தமிழுக்கு 300-க்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் கட்சி.

இப்போது இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் திரை. இதற்குள் ஒளி உண்டாகிற சமாசாரமே கிடையாது. உள்ளே இருப்பது எண்ணெய். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய குமிழிகள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நிறமற்ற எண்ணெய், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, சுவர்ப் பெயின்ட்டிலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெள்ளை. இரண்டு வகைத் துகள்களுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். கீழே இருக்கும் மின்முனைக்கு 15 வோல்ட் கொடுத்தால் ஒரு வகை மேலே வரும், மற்றது கீழே போகும். வோல்ட்டைத் திருப்பினால் இடமும் மாறும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது.

கறுப்பு, வெள்ளை சரி. சாம்பல் எப்படி? இந்தத் திரைகள் பதினாறு படி சாம்பல் காட்டுகின்றன. ஆனால் மின்முனைக்குக் கொடுக்க முடிந்தது மூன்றே மூன்று: கூட்டல் 15 வோல்ட், கழித்தல் 15 வோல்ட், பூஜ்யம். எனவே எவ்வளவு அழுத்தம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் என்பதை வைத்து விளையாடுகிறார்கள். விநாடிக்குச் சுமார் 85 தடவை, ஒவ்வொரு பிக்சலுக்கும் "மேலே தள்ளு, கீழே தள்ளு, சும்மா இரு" என்று ஒரு கட்டளை போகிறது. இத்தனை தடவை தள்ளினால் வெளிர் சாம்பல், இத்தனை தடவை தள்ளினால் அடர் சாம்பல்.

இங்கேதான் சிக்கல். துகள் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்தால் மட்டும் போதாது, இப்போது எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதை அளக்க உள்ளே எந்தக் கருவியும் இல்லை. ஆகவே கட்டுப்பாட்டுச் சிப் ஓர் அட்டவணையை வைத்துக்கொள்கிறது: இருந்த சாம்பல் பதினாறு, போக வேண்டிய சாம்பல் பதினாறு, ஆக 256 பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தள்ளல் வரிசை. இதற்கு வேவ்ஃபார்ம் என்று பெயர். அதுவும் ஓர் அட்டவணை போதாது. மார்கழிக் காலையில் பாட்டிலில் இறுகிப்போகும் தேங்காய் எண்ணெய்போல, குமிழிக்குள் இருக்கும் எண்ணெயும் குளிரில் கெட்டிப்பட்டுத் துகளை மெதுவாகத்தான் நகரவிடும். அதனால் ஒவ்வொரு வெப்பநிலை வரம்புக்கும் தனி அட்டவணை. உங்கள் இ-ரீடருக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது. சென்னையிலும் ஊட்டியிலும் அது பக்கம் திருப்ப வெவ்வேறு அட்டவணையைப் புரட்டக்கூடும்.

இன்னொரு கண்டிஷனும் உண்டு. ஒரே திசையில் மொத்தமாக அதிகம் தள்ளிக்கொண்டே இருந்தால் மின்னூட்டம் தேங்கி, நாளடைவில் திரை கெடும். மேலே தள்ளிய நேரமும் கீழே தள்ளிய நேரமும் கடைசியில் சமப்பட வேண்டும். கடன் வைக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைக்கும் உட்பட்டு அந்த அட்டவணையை யாரோ உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத் தோன்றும்.

எவ்வளவு செதுக்கினாலும் சிறு பிழைகள் சேரும். இந்தப் பக்கத்தில் ஒரு துகள் கொஞ்சம் பின்தங்கும், அடுத்த பக்கத்தில் இன்னும் கொஞ்சம். முந்தைய பக்கத்தின் எழுத்து ஆவிபோல மங்கலாகத் தெரியும். தமிழில் இது குறும்பு செய்யும். போன பக்கத்து மெய்யெழுத்தின் புள்ளி அழியாமல் நின்று, இந்தப் பக்கத்து 'க' தலையில் உட்கார்ந்துகொள்ளும். எனவே அவ்வப்போது எல்லாப் பிக்சலையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் முழுதாக ஓட்டி, பழைய நினைவை அழித்துவிட்டு, புதிதாகத் தள்ள வேண்டும். நீங்கள் பார்த்த மின்னல் அதுதான். இப்படி முழுச் சுற்று ஓட ஏறக்குறைய 450 மில்லி விநாடி ஆகும். சாம்பலே வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும் என்றால் 120-க்கே முடித்துவிடும் முரட்டு வேவ்ஃபார்மும் உண்டு. வேகம் வரும், ஆவியும் வரும். 2013-ல் ரீகல் என்ற முறை வந்த பிறகு மின்னல் நிறையவே குறைந்தது.

மின்புலத்தில் துகள் நகர்வதை முதலில் கவனித்தவர் ராய்ஸ் என்பவர், 1807-ல் மாஸ்கோவில். அவர் பார்த்தது நீரில் களிமண் துகள். அதனால் என்ன பயன் என்று அன்றைக்கு ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? 1970-களில் இதை வைத்துத் திரை செய்யப் பார்த்தார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்தன, திட்டமும் படுத்தது. எண்ணெயைக் குமிழிகளில் அடைத்து அதைத் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஜோசப் ஜேக்கப்சனும், அவரிடம் வேலை பார்த்த காமிஸ்கி, ஆல்பர்ட் என்ற இரண்டு இளங்கலை மாணவர்களும். 1997-ல் இ-இங்க் கம்பெனி, 2004-ல் சோனியின் லிப்ரியே என்ற இ-ரீடர், 2007-ல் அமேசானின் கிண்டில். நம் ஊரில் இறுதியாண்டு புராஜெக்ட் கடையில் ரெடிமேடாக விலைக்குக் கிடைக்கிறது. இளங்கலை மாணவன் கையில் ஆய்வுக்கூடச் சாவியைக் கொடுக்கிற துணிச்சல் நம் கல்லூரிகளுக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. அதற்கெல்லாம் நிதி இல்லை என்பார்கள். கட்டடத்துக்கு மட்டும் இருக்கும்.

இ-இங்க் கண்ணுக்கு நல்லது, டேப்லெட்டின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லிக் கண்ணாடி விற்பவர்கள் அதிகம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நீல ஒளி வடிகட்டும் கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதைக் குறைத்துவிடுகிறோம், கண் காய்கிறது. செல்போனில் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கரும் இந்தக் கண்ணாடியும் எனக்கு ஒரே கடைச் சரக்கு. இ-இங்க் வாங்குங்கள், வெயிலுக்காகவும் பேட்டரிக்காகவும் வாங்குங்கள். கலர் இ-இங்க்கை இப்போதைக்கு விடுங்கள். மலிவு மாடல்களில் வருவது வடிகட்டி ஒட்டிய திரைதான். கறுப்பு வெள்ளையில் 300 இருந்தாலும் கலரில் 150 ஆகிவிடும், வடிகட்டியால் தாளும் மங்கிவிடும்.

சரி, ரூட் விஷயம். தயாரிப்பாளர் போட்ட பூட்டைத் தாண்டி, கருவியின் மென்பொருளில் முழு அதிகாரம் எடுத்துக்கொள்வதுதான் ரூட். பேனல் தயாரிப்பது பெரும்பாலும் அதே இ-இங்க் கம்பெனிதான். விலை குறைந்த கருவிக்கும் கூடியதற்கும் திரையில் தெரியும் வித்தியாசத்தில் கணிசமான பங்கு, எந்த வேவ்ஃபார்மை எப்போது கூப்பிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அது மென்பொருள். எனவே உள்ளே நுழைய விடுகிற கருவியில் திரையையே ஓரளவு மேம்படுத்திக்கொள்ளலாம். 2011-ன் நூக் சிம்பிள் டச் என்ற இ-ரீடரை ரூட் செய்தவர்கள் முரட்டு வேவ்ஃபார்மைப் பிடித்து அதில் வீடியோவே ஓட்டிக் காட்டினார்கள்.

இந்த விஷயத்தில் கோபோ என்ற இ-ரீடர் தாராளம். உள்ளே லினக்ஸ். ஒரு கோப்பை அதற்குரிய மறை ஃபோல்டரில் போட்டுக் கேபிளைப் பிடுங்கினால், தானாக விரித்து நிறுவிக்கொள்ளும். பூட்டு உடைக்க வேண்டியதே இல்லை. பழைய மாடல்கள் பலவற்றில் உள் நினைவகமே ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை. அதை முதலில் நகலெடுத்து வைத்துக்கொண்டால், என்ன சொதப்பினாலும் மீண்டுவிடலாம். ஒரே குறை, இங்கே கடைகளில் பார்ப்பது அரிது. கிண்டில் நேர்மாறு. 2025 ஜனவரியில் வின்டர்பிரேக் என்ற ஜெயில்பிரேக், அதாவது பூட்டுடைக்கும் வழி, வந்தது; அடுத்து வந்த ஃபர்ம்வேரில் (கருவியின் உள் மென்பொருளில்) ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில், கருவியை எழுப்பும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், பிறகு சில வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கும். படிக்க மட்டும் என்றால் அதற்கு ரூட்டே தேவையில்லை.

உள்ளே போனவர்கள் பெரும்பாலும் நிறுவுவது கோரீடர் என்ற வாசிப்பு மென்பொருள். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை அதில் திறந்தால் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காருகின்றன. ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப்பின் ஓரங்களை வெட்டி, ஆறு அங்குலத்தில் எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறது. எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை முழு மின்னல் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். நாம் மாற்றாதவரை அது ஆறு பக்கத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். படம் நிறைந்த புத்தகத்துக்கு ஒன்று, நாவலுக்கு இருபது என்று நான் வைத்திருக்கிறேன்.

வேவ்ஃபார்ம் கோப்பை மட்டும் வேறு கருவியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். பேனலுக்குப் பேனல் குணம் மாறும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக், உடைந்த இ-ரீடரின் பேனலைக் கழற்றி லென்ஸ் விளக்கின் கீழ் காட்டினார். பட்டை வயரின் ஓரத்தில் நகக்கண் அளவு ஸ்டிக்கர், அதில் கழித்தல் குறியோடு ஒரு வோல்ட் எண். முன்பக்க ஒளிபுகும் மின்முனைக்கு அந்தக் குறிப்பிட்ட பேனலுக்குக் கொடுக்க வேண்டிய அளவு அது, தொழிற்சாலையிலேயே அளந்து ஒட்டியது. மாற்றுப் பேனல் போடும்போது அதன் எண்ணையும் கருவிக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கறுப்பு வெளுக்கும், ஆவி கூடும். எழுத வழி வைத்திருக்கும் கருவி என்றால் அவர் வேலையை எடுத்துக்கொள்கிறார். பூட்டிய கருவி என்றால் பார்ட்ஸுக்கு மட்டும் விலை சொல்கிறார்.