எடை மேடையில் நின்றுபோன எண்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு எடை மேடை. கொப்பரை லாரியும் நெல் லாரியும் மாறி மாறி ஏறி இறங்கும் இடம். மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் அமுங்குவதை ஒரு இண்டிகேட்டர் எண்ணாக்கி, சீரியல் கேபிள் வழியே கணினிக்கு நொடிக்குப் பலமுறை அனுப்பும். அந்த எண்ணைத் திரையில் பெரிதாகக் காட்டி, பொத்தானை அழுத்தினால் சீட்டு அடிக்கிற சின்ன மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மேடை பார்க்கும் அண்ணனிடமிருந்து போன். "ஏனுங் கண்ணு, லாரி எறங்கிப் போயே போச்சு, நெம்பரு மட்டும் அப்படியே நிக்குதுங்."

தப்பு என்னுடையதுதான். அதைத் தேடிப் போனபோதுதான், இத்தனை நாளும் யோசிக்காமல் பயன்படுத்திய வரைகலை நூலகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தேன்.

பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி, ஜன்னல் இவற்றையெல்லாம் ஒவ்வொரு நிரலரும் புதிதாக வரைந்துகொண்டிருக்க முடியாது. ஏற்கெனவே எழுதி வைத்த நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். கியூட், ஜிடிகே, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்று, மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத்தில் பல உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பனியன் கம்பெனி நிட்டிங்கை ஓரிடத்தில், டையிங்கை இன்னோரிடத்தில், பிரிண்டிங்கை வேறோரிடத்தில் கொடுத்து வாங்கி, கடைசியில் தன் லேபிளைத் தைக்கிறது. மென்பொருளும் அப்படித்தான். நான் செய்தது லேபிள் தைத்த வேலை.

சரி, எண் ஏன் நின்றது?

திரையில் ஓடும் மென்பொருள் பெரும்பாலான நேரம் எதுவும் செய்வதில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. சுட்டியை நகர்த்தினால், விசையைத் தட்டினால், டைமர் அடித்தால், மறைந்திருந்த ஜன்னல் மேலே வந்தால், ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வாக வரிசையில் வந்து நிற்கும். நூலகத்துக்குள் ஒரு சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈவென்ட் லூப் என்பார்கள். வரிசையின் முதல் நிகழ்வை எடுக்கும், அது எந்தப் பொத்தானுக்கு உரியதோ அதனிடம் கொடுக்கும், வேலை முடிந்ததும் அடுத்ததை எடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். எடை மேடையும் அப்படித்தானே? மேடைமேல் ஒரு லாரி. அது அங்கேயே பிரேக்டவுன் ஆனால் பின்னால் நிற்பது பத்து லாரியானாலும் நின்றதுதான்.

என் நிரல் அந்த லாரி. இண்டிகேட்டரிலிருந்து ஒரு வரி முழுதாக வந்து சேரும்வரை காத்திரு என்று, சுழற்சிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். கேபிள் லேசாகத் தளர்ந்தது, வரி முழுதாக வரவில்லை, காத்திருப்பு முடியவில்லை. பின்னால் பொத்தான் அழுத்தல்கள், திரையை மறுபடி வரையச் சொல்லும் கோரிக்கைகள் எல்லாம் வரிசையில் தேங்கின. இப்படி ஒரு ஜன்னல் 5 நொடி தன் வரிசையைக் கவனிக்காவிட்டால், அது செத்துவிட்டதாக விண்டோஸ் முடிவுகட்டிவிடும். ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று தலையில் எழுதிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஆளிடம் ஏன் எல்லா வேலையையும் கொடுக்க வேண்டும், நாலு இழைகளில் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள், த்ரெட் என்பார்கள்) பிரித்துக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப் போடுவதை, கோப்பு படிப்பதை அப்படிக் கொடுக்கலாம். ஆனால் ஒரே பொத்தானை ஒரு இழை வரைந்துகொண்டிருக்க, இன்னொன்று அதே நேரம் அழித்தால் நிரல் விழுந்துவிடும். அதனால்தான் கியூட்டும் ஜிடிகேவும் திரைப் பாகங்களை, ஈவென்ட் லூப் ஓடும் முதன்மை இழையிலிருந்து மட்டும் தொடுங்கள் என்று கறாராகச் சொல்கின்றன.

தீர்வு எளிது. காத்திருக்கும் வேலையை நூலகத்திடமே விட்டுவிட வேண்டும். கியூட்டில் இதற்கு 'சிக்னல்', 'ஸ்லாட்' என்று பெயர். சீரியல் போர்ட்டில் ஏதாவது வந்தால் அது ஒரு சிக்னல் கொடுக்கும். அதோடு இணைத்துவைத்த என் செயற்கூறு (ஃபங்ஷன்; இதுதான் ஸ்லாட்) ஓடி, வந்த எழுத்துகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். பாதி வரிதான் வந்ததா? பரவாயில்லை, மீதி வரும்போது மறுபடி கூப்பிடுவார்கள். சிக்னல் கொடுக்கும் பாகத்துக்குத் தன்னை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே தெரியாது. இதனால்தான் நூலகம் எழுதியவர், காங்கேயத்து எடை மேடையைக் கனவிலும் கண்டிராமல், அதற்குப் பொருந்தும் பாகத்தை எழுதிவைக்க முடிகிறது.

எண் மாறும்போது திரை முழுவதும் மறுபடி வரையப்படுவதில்லை. 24,380 கிலோ 24,400 ஆனால், 'இந்தக் கட்டம் பழசாகிவிட்டது' என்று அந்த இடத்துக்கு மட்டும் நூலகம் ஒரு குறி போட்டு வைக்கும். உடனே வரையாது. அடுத்தடுத்துப் பத்து மாற்றம் வந்தாலும் பத்துக் குறியையும் ஒன்றாகச் சேர்த்து, கைவேலை முடிந்ததும் ஒரே முறை வரையும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. இந்தச் சோம்பேறித்தனம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது.

பழைய மென்பொருளில் பொத்தான்களை இத்தனை புள்ளி இடமிருந்து, இத்தனை புள்ளி மேலிருந்து என்று ஆணியடித்து வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'கிராஸ்', 'டேர்' என்று இருந்தவரை கச்சிதம். அதைத் தமிழில் 'சரக்குடன் எடை', 'காலி வண்டி எடை' என்று மாற்றினால் பாதி எழுத்து பொத்தானுக்கு வெளியே போய்விடும். இப்போதைய நூலகங்கள் பேரம் பேசுகின்றன. ஜன்னல் தனக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் கேட்கும்: குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும், தாராளமாக இருக்க எவ்வளவு வேண்டும்? பதில்களைக் கூட்டி, இருக்கும் இடத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும். வாய்க்கால் தண்ணீர் போலத்தான். என்ன, இங்கே கடைமடைக்கும் குறைந்தபட்சப் பங்கு உறுதி.

ஆனால் 'எனக்கு எவ்வளவு அகலம் வேண்டும்' என்று ஒரு பொத்தானுக்கு எப்படித் தெரியும்? எழுத்துகளை எண்ணிப் பெருக்கினால் போதாதா? 'கொங்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) ஆறு குறிகள்: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். திரைக்கு வரும்போது கணக்கு இன்னொரு முறை மாறும். ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக்கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். கடைசியில் ககரமும் உகரமும் கலந்து ஒரே வடிவமாக வேண்டும். இதையெல்லாம் செய்துமுடித்த பிறகுதான் அகலம் தெரியும்.

இந்த வேலை ஹார்ஃப்பஸ் என்ற தனி நூலகத்துக்குப் போகிறது. எந்த எழுத்துரு, வரி எங்கே உடைய வேண்டும் என்று பார்ப்பது ஜிடிகே பக்கத்தில் பேங்கோ. எழுத்தின் வளைவுகளைத் திரைப் புள்ளிகளாக்குவது ஃப்ரீடைப். இதுவும் ஜாப் ஒர்க்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆபிஸ் எல்லாமே இதே ஹார்ஃப்பஸைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு தமிழ்ப் பிழை திருத்தப்பட்டால், அது இத்தனை இடத்துக்கும் போய்ச் சேரும். எனக்கு இந்த அடுக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இவை பொதுச் சொத்தான கதை நேர்க்கோட்டில் நடக்கவில்லை. 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் கிம்ப் என்ற படத் திருத்தியை எழுதத் தொடங்கினார்கள். முதலில் அது காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மோட்டிஃப் நூலகத்தின்மேல் நின்றது. அது பிடிக்காமல் மாட்டிஸ் சொந்தமாக எழுதியதுதான் ஜிடிகே. கியூட்டை நார்வேக்காரர்கள் இருவர் அதே 1995-இல் வெளியிட்டார்கள். மூலநிரல் கிடைத்தது, ஆனால் திருத்திப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை. லினக்ஸ் போன்ற கணினிகளுக்கு டெஸ்க்டாப் திரைச்சூழல் செய்ய 1996-இல் தொடங்கிய கேடிஇ திட்டம் அந்தக் கியூட்டை நம்பி நின்றதால் பெரிய சச்சரவு எழுந்தது. அதற்கு மாற்றாகத்தான் 1997-இல் ஜிடிகேவை வைத்து க்னோம் என்ற இன்னொரு திரைச்சூழல் பிறந்தது. கியூட் 2000-இல், திருத்தவும் பகிரவும் விடும் ஜிபிஎல் உரிமத்துக்கும், 2009-இல், மூலநிரலை வெளியிடாத மென்பொருளிலும் பயன்படுத்த விடும் எல்ஜிபிஎல்லுக்கும் வந்தது. அந்தச் சண்டை இல்லாமல் இது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்படி ஒரு நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, எழுதியதை மாற்றுவது. ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை மென்பொருளும் உடையும். அதனால் பெரிய மாற்றங்களைச் சேர்த்து வைத்து, புதுப் பதிப்பெண் கொடுத்து வெளியிடுகிறார்கள். ஜிடிகே 3 வந்தது 2011-இல், ஜிடிகே 4 வந்தது 2020-இல். எந்தக் கிம்ப்புக்காக ஜிடிகே பிறந்ததோ, அந்தக் கிம்ப் ஜிடிகே 3-க்கு மாறிய பதிப்பு வெளிவந்தது 2025-இல்! வேறு யாரைக் குறை சொல்ல?

எடை மேடைக்குத் திருத்திய பதிப்பைக் கொண்டுபோய்ப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிக் காட்டினேன்; 'இணைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு மற்றதெல்லாம் ஓடியது. அண்ணன் வண்டி ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டிப் பார்த்தார். 'காங்கேயம்' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸை ஒரு தட்டு. 'காங்கேயம' என்று நின்றது. "புள்ளி மட்டும் போகுது, எழுத்து போக மாட்டீங்குதே?"

"பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு குறியா அழிக்குங்ணா. கொம்பு மட்டும் தப்பா விழுந்தா முழு எழுத்தையும் திரும்ப அடிக்க வேண்டாம் பாருங்க. முழுசா அழிக்கணும்னா முன்னால போய் நின்னு டெலிட் அமுத்துங்க." அமுத்தினார். எழுத்து முழுசாகப் போனது. "ஒரே ஊட்டுல ரெண்டு சட்டமா?" என்று கேட்டுவிட்டு, ஹாரன் அடித்த லாரியைப் பார்த்து எழுந்து போனார்.