நான்காவது நகர்விலேயே குதிரையைக் கொடுப்பவர்கள்

இணையத்தில் ஒரு பிளிட்ஸ் சதுரங்க ஆட்டம்; ஆளுக்கு மொத்தமே மூன்று நிமிடம். இரு தரப்பும் ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகின்றன. இரு தரப்பும் ராஜா பக்கக் குதிரையை வெளியே எடுக்கின்றன. கறுப்பின் இந்தத் தொடக்கத்துக்குப் பெட்ரோவ் தற்காப்பு என்று பெயர், டிராவுக்குப் பெயர்போனது. வெள்ளைக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டுகிறது, கறுப்பு இன்னொரு சிப்பாயால் அதை விரட்டுகிறது. இப்போது பின்வாங்க வேண்டிய குதிரை, கறுப்பு ராஜாவை ஒட்டி எஃப்7 கட்டத்தில் நிற்கும் சிப்பாயையும் வெட்டிவிட்டு ராஜாவின் கையால் சாகிறது.

இதற்குக் காக்ரேன் காம்பிட் என்று பெயர் (தொடக்கத்திலேயே காயைப் பலி கொடுத்து ஆதாயம் தேடுவதுதான் காம்பிட்). கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன், 1848இல் மகேஷ் சந்திர பானர்ஜிக்கு எதிராக ஆடியது. (அந்த பானர்ஜியின் ஆட்டப் பாணிதான் 'இந்தியத் தற்காப்பு' என்ற தொடக்க வகையின் பெயருக்கே காரணம் என்பார்கள்.) 1999இல் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் இதை இன்னொரு கிராண்ட்மாஸ்டரான கிராம்னிக்குக்கு எதிராக ஆடி டிரா செய்தார். ஆனாலும் எந்தக் கணினியைக் கேட்டாலும் கறுப்புக்கே அனுகூலம் என்கிறது. கணக்கும் எளிது: குதிரையின் மதிப்பு மூன்று, கிடைத்ததோ தலா ஒன்று மதிப்புள்ள இரண்டு சிப்பாய்கள்.

பிறகு எப்படி இது இணையத்தில் ஜெயிக்கிறது?

கணினியின் தீர்ப்புக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எதிராளி ஒவ்வொரு முறையும் மிகச் சிறந்த பதிலையே ஆடுவார். நான்கு நொடியில் பதில் சொல்ல வேண்டிய மனிதர் அப்படி ஆடுவதில்லை. அதிலும் இந்தத் தொடக்கத்தில், கண்ணுக்கு இயல்பாகப் படும் நகர்வே பொறி. ஐந்தாவது நகர்வில் வெள்ளை ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. முதல் நகர்வில் தள்ளிய இ4 சிப்பாய் காவலின்றி நிற்கிறது. கறுப்புக் குதிரை ஆசையோடு அதை வெட்டினால், ராணி எச்5க்குப் பாய்ந்து செக் வைக்கிறது. ஜி வரிசைச் சிப்பாயால் மறைத்தால், ராணி டி5க்கு வந்து மறுபடி செக், கூடவே குதிரைக்கும் குறி. கொடுத்த காய் திரும்பிவிடும். ராஜா ஜி8க்கு ஒதுங்கினாலும் அதே டி5 செக். அவசரத்தில் மந்திரியைக் குறுக்கே நிறுத்தினால் ராணி அதை வெட்டுகிறது, ஆட்டம் அங்கேயே மேட்.

சரியான பதில்களில் ஒன்று, ஐந்தாவது நகர்விலேயே ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது. ராணியின் வழி அடைபடும், ராஜாவுக்கு ஜி7இல் ஒதுங்க இடம் கிடைக்கும். அடக்கமான நகர்வு, அதனாலேயே கண்ணில் படாது. இதுபோன்ற கடினமான முடிவுகள் அடுத்தடுத்து ஐந்து வருகின்றன, ஒவ்வொன்றிலும் சரியாக ஆட 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் தவறின்றிக் கடக்கும் வாய்ப்பு 33 சதவீதம்தான். வெள்ளைக்கு இந்த நெருக்கடி இல்லை. அது ஒரு முறை சறுக்கினால் தாக்குதல் சற்று மங்கும்; கறுப்பு ஒரு முறை சறுக்கினால் ராஜா போய்விடும்.

கடிகாரத்தையும் பாருங்கள். மூன்று நிமிடம் என்பது 180 நொடி. குதிரை விழுந்த அதிர்ச்சியில் 20 நொடி, ஐந்தாவது நகர்வுக்கு 25 நொடி யோசித்தால் கால் பங்கு நேரம் கரைந்துவிட்டது. வெள்ளையோ மனப்பாடமாக ஆடுகிறது. என்னைக் கேட்டால், குதிரையைக் கொடுத்து வாங்குவது தாக்குதலை விட இந்த நொடிகளைத்தான்.

எதிராளி ஏன் அவ்வளவு திணறுகிறார்? 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்தாலோ, புதியவரை விட அவருக்கு இருந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவர் நினைவில் இருப்பவை பழகிய அமைப்புகள். எஃப்7இல் ராஜா நிற்கும் பலகை, பெட்ரோவ் ஆடுபவர் பழகியவற்றில் இல்லை. வேகமாக அடையாளம் காண வேண்டிய இடத்தில் அவர் மெதுவாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அந்த அமைப்பு பழகிவிட்டால் வேறு கதை. சென்ற மாதம் இதில் என்னிடம் தோற்ற ஒருவர் உடனே மறு ஆட்டம் கேட்டார். நான் மறுபடியும் குதிரையைக் கொடுத்தேன். ஜி சிப்பாயைத் தள்ள அவர் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. இருபது நகர்வுகள் கழித்துப் பார்த்தால் எனக்கு ஒரு குதிரை குறைவு, கடிகாரத்தில் நாற்பது நொடியும் குறைவு.