பேரோல் ஆபீசர் என்றால் யார்?

கொழும்புக் கம்பனிகளின் வேலை விளம்பரங்களில் 'பேரோல் ஆபீசர்' என்று வரும்போது, அது என்ன வேலை என்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயரும் வேலை நாளும் பதியும் பேரேடு, எழுதும் கிளாக்கர் ஐயா செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

'பே' என்றால் சம்பளம். 'ரோல்' என்றால் சுருள். ரோட்டுலுஸ் என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பெயர்களை எழுதிச் சுருட்டி வைத்த காலத்தில், அந்தப் பெயர்ப் பட்டியலையே ரோல் என்று சொல்லத் தொடங்கினார்கள். சம்பளம் பெற வேண்டியவர்களின் பட்டியல் பேரோல். செக்ரோலில் உள்ள ரோலும் இதுதான். மலையகத்தில் ஒரு நாள் வேலையையே 'பேர்' என்கிறோம். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால், எத்தனை நாள் வேலை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பட்டியலில் பேர் விழுந்தால்தான் கூலி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சம்பளம் என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் கூலியாகக் கிடைத்ததால் வந்தது என்பார்கள் சிலர். வழிப்பயணத்துக் கட்டுச்சோற்றைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லைக் காட்டுவோரும் உண்டு.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பேரோல் என்பதற்குச் சம்பளப் பட்டியல் பொருத்தமானது. நம் நாட்டு வழக்கில் ஆபீசர் உத்தியோகத்தர், தமிழ்நாட்டில் அலுவலர். ஆகவே 'சம்பளப் பட்டியல் உத்தியோகத்தர்'. 'சம்பளக் கணக்காளர்' என்று எழுதுவது சரியில்லை. கணக்காளர் வேறு பதவி, அதற்கான தகுதியும் வேறு.

வரவு, லீவு, மேலதிக நேரம், முற்பணம், சங்கச் சந்தா எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒவ்வொருவர் கைக்கும் போக வேண்டிய தொகையைப் பேரோல் ஆபீசர் கணக்கிடுகிறார். வயதான காலத்துக்காகச் சேர்க்கும் சேமலாப நிதிக்குரிய சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடம் 8 வீதமாக 2,400 ரூபாய் கழிபடும். தொழில் தருநர் 12 வீதமாக 3,600 ரூபாய் சேர்ப்பார். இரண்டும் சேர்ந்து 6,000 ரூபாய் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம், அதாவது 900 ரூபாய், முழுக்கத் தொழில் தருநர் பணம். அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சம்பளச் சிட்டை கிடைத்ததும் இதைப் பாருங்கள்.

பெயரில்தான் பெரிய வில்லங்கம் இருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் கூப்பிடும் பெயர், நிதிக் கணக்கில் எழுத்து மாறிய இன்னொரு பெயர். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போதுதான் இது தெரியவரும். அப்புறம் சத்தியக் கடதாசியோடு தொழில் காரியாலயத்துக்கு அலைய வேண்டும். ஆள் வேலைக்குச் சேரும் அன்றே அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பதிந்திருந்தால், வயதான காலத்தில் இந்த அலைச்சலே இல்லை. இந்தப் பதவியில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கவனம்தான்.

தகுதி கம்பனிக்குக் கம்பனி மாறும். பொதுவாக உயர்தரம், கணக்கியலில் ஒரு பாடநெறி, எக்செல், சம்பள மென்பொருளில் பழக்கம் ஆகியவற்றை எதிர்பார்ப்பார்கள். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம், 1980ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டம், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் சம்பளத்தை இன்னொருவரிடம் சொல்லாத வாயும் வேண்டும். மலையகத்தில் வேலை என்றால், சிட்டையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வரும் அம்மாவுக்கு எந்தக் காசு ஏன் கழிந்தது என்று தமிழில் பொறுமையாகச் சொல்லவும் தெரிய வேண்டும்.