வெட்ட ஓங்கிய கையை எது நிறுத்துகிறது?

கொலைச் செய்தி ஒன்று டிவியில் வந்தால் போதும், சேலத்தில் எந்த டீக்கடையிலும் ஒரே பேச்சுதான். "நாலு பேரைத் தூக்குல போட்டா எவனும் கத்தியைத் தொடமாட்டான்" என்பார் ஒருவர். "மனசாட்சி இருக்கிறவன் செய்வானா?" என்பார் இன்னொருவர். அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல் நான். கொலை செய்துவிட்டு வந்தவர்களோடும் பேசியிருக்கிறேன், செய்யக் கிளம்பித் திரும்பியவர்களோடும் பேசியிருக்கிறேன். தண்டனையை நினைத்து நின்றுவிட்டேன் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

2024 ஜூலை 1 முதல் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த பழைய 302ஆம் பிரிவு போய், புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு வந்திருக்கிறது. எண் மாறினாலும் தண்டனை அதேதான்: மரண தண்டனை அல்லது ஆயுள், கூடவே அபராதம். இதற்கு மேல் ஒரு தண்டனை சட்டத்தில் கிடையாது. ஆனாலும் 2022இல் மட்டும் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள் பதிவானதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதில் ஆதாயத்துக்காக நடந்தவை 1,884. தகராறில் நடந்தவை 9,962. தகராறு என்றால் நமக்குத் தெரியாததா? வரப்பு, வழித்தடம், பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல், குடித்துவிட்டு வாய்ச்சண்டை.

வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், வரப்புத் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் அடித்துவிட்டார். ஆள் இறந்துவிட்டார். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) சிறையில் மனு போட்டுப் பார்த்தபோது அவர் ஜாமீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முதல் அடியிலேயே அவன் உட்கார்ந்துட்டான் சார். ரெண்டாவது அடி ஏன் அடிச்சேன்?" இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை வருஷம் கிடைக்கும் என்ற கேள்வியெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. மனசாட்சி இல்லாத மனிதர் என்று அவரை நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் தண்டனை பயமும் வரவில்லை, மனசாட்சியும் வரவில்லை. இரண்டும் அடித்து முடித்த பிறகு வந்தன.

ஆத்திரத்தில் மனிதன் நிதானம் இழப்பான் என்பது சட்டத்துக்கும் தெரியும். கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் நடந்தது என்று நிரூபணமானால் 103க்குப் பதில், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105ஆம் பிரிவுக்கு வழக்கு இறங்கும், தண்டனை குறையலாம். இதைக் கேள்விப்பட்டு "கோபத்துல பண்ணேன்னு சொன்னா விட்டுடுவாங்க" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டுக்குப் போய் அருவாளை எடுத்துக்கொண்டு வந்து வெட்டினால் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது.

இன்னொருவர் ஏற்காட்டில் கொஞ்சம் காபி வைத்திருப்பவர். தம்பி வழித்தடத்தை அடைத்துவிட்டார் என்று சிவில் வழக்குப் போட வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்கு அருவாளோடதான் கிளம்பினேங்க. பக்கத்து வீட்டு ஆயா வழியில கையைப் புடிச்சுக்கிச்சு. 'சோறு தின்னியாடா? வா, தின்னுட்டுப் போயி சண்டை போடு'ன்னுச்சு. திட்டியிருந்தா தள்ளிவிட்டுட்டுப் போயிருப்பேன்." போலீஸ், ஜெயில் எதுவும் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டாராம்.

மனசாட்சிதான் பெரிய தடுப்பு என்று நான் நம்புகிறேன். ஆனால் ஆத்திரம் தலைக்கேறிய நேரத்தில் அது தானாக எழுந்து வருவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட, கையைப் பிடித்து இழுக்க யாராவது வேண்டியிருக்கிறது. அதே அக்கம்பக்கம் "விடாதே, வெட்டுடா" என்று ஏற்றிவிட்டால் இருந்த மனசாட்சியும் அடங்கிப்போகும். சாதியின் பெயரால் நடக்கும் கொலைகளில் இதைத்தான் பார்க்கிறோம். 2015இல் ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினியரிங் பட்டதாரி இளைஞர் கொல்லப்பட்ட வழக்கு நம் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. கும்பலாகச் சேர்ந்து செய்துவிட்டு அதைப் பெருமையாகவும் பேச முடிகிறது என்றால், சுற்றியிருப்பவர்கள் கொடுத்த தைரியம்தான் அது. என் மனதை இதைவிட வேறெதுவும் வதைப்பதில்லை.

சரி, அப்படியானால் தண்டனை வீணா? இல்லை. கூலிக்குச் செய்பவனும் திட்டம் போட்டுச் செய்பவனும் கணக்குப் போடுகிறார்கள். தூக்கா ஆயுளா என்ற கணக்கல்ல அது. மாட்டுவோமா, சாட்சி நிற்குமா, கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் என்ற கணக்கு. ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று 2015இல் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கையும் சொல்லியிருக்கிறது. அந்த ஓமலூர் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ் சாட்சியானார், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னார். ஆனாலும் அந்த இளைஞர் கடைசியாகக் காணப்பட்ட திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு ஆதாரமாக நின்றது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, அடுத்த வருடம் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கணக்குப் போடுகிறவனை யோசிக்க வைப்பது இப்படிப்பட்ட தீர்ப்புதான். சாட்சி சொல்ல மிரட்டல் வந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பாகப்பிரிவினைப் பேச்சைக் குடித்திருக்கும்போது எடுக்காதீர்கள். பேச உட்காரும் இடத்தில் அருவாளோ மண்வெட்டியோ கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். மலைக் கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால் போலீசில் ஒப்படைத்துவிடுங்கள். வழித்தடம், வரப்புப் பிரச்சினைக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குப் போடும் முன்பே சமரசம் பேச வழி உண்டு. உதவி எண் 15100. யாரையாவது ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஓயாமல் வந்தால் மனநல உதவி எண் 14416இல் பேசலாம், கட்டணம் கிடையாது. "வெட்டிடுவேன்" என்று ஒருவர் இரண்டாம் முறை சொல்லிவிட்டால், சும்மா சொல்கிறான் என்று விடாமல் 112க்கு அழையுங்கள். பிறகு ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.