செத்த இடம் வேறு, அடிபட்ட இடம் வேறு

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் பெங்களூரா வந்து இறங்கும். அந்த எடைகளைக் கூட்ட, உள்ளூர் கல்லூரி மாணவர் ஒருவர் சி மொழியில் புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷனிடம் 10 லோடுக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறார். லூப்போ 0 முதல் 10 வரை, அதாவது 11 தடவை ஓடுகிறது. கடைசி எடை எங்கே போய் உட்காரும்?

10 முழு எண்களுக்கு 40 பைட். 64 பிட் லினக்ஸில், அந்த 40 பைட்டை ஒட்டியே மாலாக் தன் சொந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கும். 11ஆவது எடை அதன் மேல் போய் விழுகிறது. சி தடுக்காது, செயலிக்கும் (பிராசஸர்) சந்தேகம் வராது. ஒதுக்கப்படாத பக்கத்தைத் தொட்டிருந்தால் செயலி உடனே இயக்க முறைமையின் மையமான கர்னலிடம் சொல்லி, கர்னல் 11ஆம் எண் சிக்னலை அனுப்பி, 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் நினைவகம் 4096 பைட் பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. இந்த எடை விழுந்தது நம் புரோகிராமுக்கே சொந்தமான பக்கத்தில்.

வெகுநேரம் கழித்து, இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீயோ, மாலாக்கோ அந்தக் கணக்கைப் புரட்டும்போதுதான் புரோகிராம் விழுகிறது. ஜிடிபி என்ற டீபக்கரில் (பிழை தேடும் கருவி), எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று காட்டும் 'பேக்ட்ரேஸ்' கொடுத்தால், மாணவர் எழுதவே எழுதாத லைப்ரரி ஃபங்ஷன்கள் வரிசைகட்டி நிற்கும். "டீபக்கர் தப்பா காட்டுதுடா!" என்ற புலம்பல் இங்கேதான் ஆரம்பம். பாவம், அது செத்த இடத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது.

வேறு சில புலம்பல்களுக்குக் காரணம் எளிது. வரி எண்ணே வரவில்லையா, டீபக் விவரங்களைச் சேர்க்கும் 'மைனஸ் ஜி' போடாமல் கம்பைல் செய்திருப்பீர்கள். மாறியின் மதிப்பைக் கேட்டால் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்கிறதா, வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனைக் குறைத்துப் பாருங்கள். விழுந்த நேரத்து நினைவகத்தின் நகலான கோர் ஃபைலைக் காணோம் என்றால், முதலில் அதன் அளவு வரம்பான 'யூலிமிட் மைனஸ் சி' 0 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தனியாக ஓட்டினால் விழுகிறது, ஜிடிபிக்குள் ஓட்டினால் விழுவதில்லை என்பது கொஞ்சம் வில்லங்கமான கேஸ். லினக்ஸ் ஒவ்வொரு ஓட்டத்திலும் நினைவக முகவரிகளைக் கலைத்துப் போடும். ஜிடிபி அந்தக் கலைப்பை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டும். 'செட் டிஸேபிள் ரேண்டமைசேஷன் ஆஃப்' என்று கொடுத்தால் உள்ளேயும் கலைப்பு திரும்பிவிடும்.

நம் மாணவருக்கோ கலைக்காமல் இருப்பதுதான் வசதி. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே முகவரி கிடைப்பதால், 11ஆவது இடத்தின் மேல், மதிப்பு மாறினால் புரோகிராமை நிறுத்தும் ஒரு 'வாட்ச்' போட்டுவிட்டு மறுபடி ஓட்டலாம். எக்ஸ்86 செயலியில் இதற்கென்றே நான்கு டீபக் முகவரி ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. மாலாக் தன் கணக்கை எழுதும்போதும் புரோகிராம் நிற்கும். 'கன்டினியூ' கொடுத்துத் தாண்ட வேண்டும். அடுத்து நிற்பது லூப்பில். பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் ஜிடிபி காட்டும். புதியது 4200 என்றிருந்தால், அது 11ஆவது லோடின் எடை.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்றால் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்யலாம். ஒதுக்கிய இடத்தைச் சுற்றி அது தொடக்கூடாத வேலி போட்டுவிடும்; புரோகிராம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகும், ஆனால் எல்லை தாண்டிய அந்த வரியிலேயே நிற்கும்.