செயின் ஓரிடத்தில் இறுகுகிறது, இன்னோரிடத்தில் தொங்குகிறது: ஏன்?

இன்ஜினை அணைத்து, பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றுவது, நிறுத்துவது, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது என்று ஒவ்வோர் இடமாக வாருங்கள். ஓரிடத்தில் 30 மி.மீ. ஆடுகிற செயின் இன்னோரிடத்தில் 10 மி.மீ. மட்டும் ஆடினால் பிரச்சினை இருக்கிறது.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். தொங்குகிற இடத்தைப் பார்த்ததும் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்து டைட் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த இறுகிய இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் வெளிமுனை பேரிங்கும் சக்கர பேரிங்கும் அடிவாங்குகின்றன. ஆள் ஏறி உட்கார்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே எழும்போது பெரும்பாலான பைக்குகளில் செயின் இன்னும் இறுகும். ஆகவே எது காரணம் என்று தெரியாமல் நட்டைத் தொடவே கூடாது என்பேன்.

10 மி.மீ.க்கும் 30 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் நீளக் கணக்கில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முன்னும் பின்னும் செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் இடையில் செயின் சுமார் 600 மி.மீ. நீளம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 30 மி.மீ. ஆட அதற்குத் தேவையான கூடுதல் நீளம் முக்கால் மில்லிமீட்டர்தான். 10 மி.மீ. ஆட்டத்துக்கோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதாவது கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன நீள மாற்றத்தைத்தான் விரல் இவ்வளவு பெரிய ஆட்டமாக உணர்கிறது. ஸ்பிராக்கெட்டின் மையம் கால் மில்லிமீட்டர் விலகியிருந்தால் போதும். செயின் ஓடும் பாதை ஒரு சுற்றுக்குள் ஒரு மில்லிமீட்டர் கூடிக்குறையும்.

சரி, குற்றவாளி யார்? செயினா, பின் ஸ்பிராக்கெட்டா, முன் ஸ்பிராக்கெட்டா? ஒரு சாக்பீஸ் போதும். செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, பின் ஸ்பிராக்கெட்டின் உச்சிப் பல்லிலும் அதில் உட்கார்ந்திருக்கும் லிங்க்கிலும் (செயினின் ஒரு கண்ணி) கோடு போடுங்கள். பின்னால் 42 பல், முன்னால் 14 பல், செயினில் 110 லிங்க் என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது முன் ஸ்பிராக்கெட் மூன்று முறை சுற்றிவிடும். செயினோ முழுச் சுற்று வர, சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதே பல்லில் இறுகினால் பின் ஸ்பிராக்கெட், அது பொருந்தியிருக்கும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), அல்லது அங்குள்ள பேரிங்தான் கோளாறு. ஒரு சுற்றுக்கு மூன்று முறை இறுகினால் முன் ஸ்பிராக்கெட்டோ அதன் தண்டோ. கோடு போட்ட லிங்க் அதே இடத்துக்குத் திரும்பும்போது மட்டும் இறுகினால் செயின்.

பெரும்பாலும் செயின்தான். செயின் நீள்கிறது என்கிறோம், ஆனால் இரும்புத் தகடு ரப்பர்போல இழுபடுவதில்லை. லிங்க்கின் உள்ளே பின் (pin) என்ற சிறு தண்டும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலும் உரசித் தேய்ந்து, அந்த இடைவெளி கூடுகிறது. எல்லா லிங்க்கும் ஒரே அளவு தேய்ந்தால் தொல்லையில்லை; செயின் முழுக்க ஒரே மாதிரி தொங்கும். கிரீஸை உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஓரிரண்டு கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் போய்விட்டால் அந்த லிங்க்குகள் மட்டும் வேகமாகத் தேயும். பல்லின் மேல் இருக்கும்போது ஒரு பல்லுக்கு ஒரு ரோலர்தான் என்பதால் தேய்ந்த லிங்க்கின் கூடுதல் நீளம் தொய்வாக வெளியே வர வழியில்லை. அதே லிங்க் இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் வந்ததும் அந்த நீளம் முழுக்கத் தொங்குகிறது.

என் பைக்கில் கோடு போட்ட இடத்தை விளக்கு வைத்துப் பார்த்தபோது, அடுத்தடுத்த நான்கு லிங்க்குகளின் ஓரத்தில் செங்கல் தூள்போலச் சிவந்த பொடி ஒட்டியிருந்தது. தேய்ந்த இரும்பு துருப்பிடித்த தூள் அது. பக்கத்தில் ஒரு லிங்க், பல்லை விட்டு விலகிய பிறகும் முழங்கால் மடக்கினாற்போல் வளைந்தே நின்றது. நேராக நிமிராத லிங்க் செயினின் நீளத்தைத் திருடிக்கொள்கிறது; இறுகுவதற்கு அதுவும் காரணம். துரு லேசாக இருந்தால் மண்ணெண்ணெயில் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் வளைத்து வளைத்துப் பழக்கினால் சில சமயம் விடுபடும். ஓ-ரிங் போயிருந்தால் அது தற்காலிகம்தான்.

அளவுகோலிலும் உறுதி செய்யலாம். அடுத்தடுத்த இரண்டு பின்களின் (pin) மையங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு பிட்ச். 520 வகைப் புதுச் செயினில் 20 பிட்ச் 317.5 மி.மீ., 428 வகையில் 254 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து நாலைந்து இடத்தில் அளந்தால், சீராகத் தேயாத பகுதி எண்ணிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

செயினும் ஸ்பிராக்கெட்டும் இரண்டுமே கோளாறாக இருந்தால் கணக்கு குழம்பும். நான் சொன்ன 110-க்கு 42 ஜோடியில், அதே பல்லும் அதே லிங்க்கும் மறுபடி சந்திக்கச் சக்கரம் 55 சுற்று சுற்ற வேண்டும். அதனால் இரண்டே சுற்றில் முடிவு கட்டாதீர்கள்.

கண்டுபிடித்த பின் தொய்வை மிக இறுகிய இடத்தில் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். அப்படி வைத்ததும் மற்ற இடம் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டித் தொங்கினால் செயினின் ஆயுள் முடிந்தது. இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசு போட்ட பிறகும் சக்கரத்தின் அதே இடத்தில் இறுகுகிறது என்றால், ஹப்பையும் சக்கர பேரிங்கையும் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.