சஃப்ரஜெட்: சொல்லும் இரு தோழிகளும்

லத்தீனில் 'சஃப்ராஜியம்' என்றால் வாக்கு. அதிலிருந்து வந்தது 'சஃப்ரஜிஸ்ட்'. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள், ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் இந்தப் பெயர்தான். 1906-இல் லண்டன் டெய்லி மெயில் நாளிதழ் சொல்லின் வாலை மாற்றி 'சஃப்ரஜெட்' ஆக்கியது. சிகார் சிறுத்துச் சிகரெட் ஆனதே, அதே 'எட்'தான் இதுவும். போராடும் பெண்களைச் சிறுமைப்படுத்த வைத்த பெயர்.

பத்திரிகைகளை அவ்வளவு எரிச்சல்படுத்தியதில் இரண்டு தோழிகளுக்குப் பெரிய பங்குண்டு. ஆனி கென்னி பத்து வயதில் பஞ்சாலைக்குப் போனவர். அங்கே ஒரு விரலையும் பறிகொடுத்தார். கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் சட்ட மாணவி. பெண் என்பதால், படித்து முடித்தாலும் வழக்காட முடியாது. 1905 அக்டோபர் 13 அன்று மான்செஸ்டரில் நடந்த லிபரல் கட்சிக் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நீங்கள் ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு ஓட்டு உண்டா என்று ஆனி எழுந்து கேட்டார். மேடையிலிருந்து பதில் வரவில்லை; இருவரையும் பிடித்து வெளியே தள்ளினார்கள். அபராதம் கட்ட மாட்டோம் என்று கிறிஸ்டபெல் ஏழு நாளும் ஆனி மூன்று நாளும் சிறையில் இருந்தார்கள். 1912-இல் கைதுக்குத் தப்பி கிறிஸ்டபெல் பாரிஸ் போய்விட, ஆனி மாறுவேடத்தில் கடல் கடந்து போய்ப் பேசிவிட்டு வந்து, லண்டனில் இயக்கத்தைத் தாங்கினார். ஆலைத் தொழிலாளியும் வசதியான வீட்டுப் பெண்ணும் இப்படி ஒருவரையொருவர் நம்பியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏளனப் பெயரை அவர்கள் உதறவில்லை. 1912-இலேயே தங்கள் வார இதழுக்கே 'சஃப்ரஜெட்' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பெண்ணியவாதி' என்பது இதைவிட விரிந்த பொருள் உடையது, இங்கே பொருந்தாது. சட்டத்துக்கு உட்பட்டு மனுவும் கூட்டமுமாக இயங்கிய மில்லிசென்ட் ஃபாசெட் போன்ற சஃப்ரஜிஸ்டுகளை 'வாக்குரிமை ஆர்வலர்' என்றும், சிறைக்குத் துணிந்த சஃப்ரஜெட்டுகளை 'வாக்குரிமைப் போராளி' என்றும் பிரித்து எழுதுவதே சரி என்பேன். அயர்லாந்தின் மார்கரெட் கசின்ஸும் அப்படிச் சிறை சென்ற வாக்குரிமைப் போராளிதான். 1917-இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.